ஆள் மாறியது யார்?

பொலிஸார் தேடிப்போன ஒருவரை விட்டுவிட்டு வேறொருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டால், அதைக் குறிப்பதற்கு எமது தமிழ்ப் பத்திரிகைகளிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. ஆள்மாறாட்டம். ‘ஆள்மாறாட்டத்தினால் இளைஞர் பலி’ என்கிற தோரணையில் தலைப்பு வரும். பத்திரிகையாளர்கள் மட்டுமல்ல, எமது கவிஞர்களும் சிறுகதையாளர்களும் கூட யோசிக்காமல் அதையே எடுத்தாளுகிறார்கள். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பவன் என்ற முறையில் நான் அந்தச் சொல்லை இந்த இடத்தில் ஏற்க மறுக்கிறேன். இது வெறும் இலக்கணச் சண்டை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ஆள்மாறாட்டம் என்றால் என்ன? தான் அல்லாத இன்னொருவனாகத் தன்னை வேண்டுமென்றே காட்டிக்கொள்வது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி வந்து குந்தியிருப்பான். நாங்கள் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்போம். அது ஒரு குற்றம். குற்றவாளி அந்தக் கதிரையில் இருப்பவன். காணி உறுதியில் கள்ளக் கையெழுத்து வைப்பவனும் தேர்தலில் செத்தவர் வாக்கைப் போடுபவனும் செய்வது அதுதான். ஆக, சொல்லுக்குள்ளேயே ஒரு எழுவாய் ஒளிந்திருக்கிறது. ஆள் மாறியவன் ஒருவன் இருக்கிறான், அவன் தெரிந்துகொண்டே அதைச் செய்திருக்கிறான். அந்தச் சொல்லைத் தூக்கிச் சுடப்பட்டுக் கிடப்பவனின் தலைமாட்டில் வைத்தால் என்ன நடக்கும்? ஏதோ அவன்தான் வேஷம் போட்டான், அவன்தான் பொலிஸாரை ஏமாற்றினான் என்ற எண்ணம் வாசகன் மனதில் தானாகவே விழும். கொன்றவன் குழம்பிப்போன அப்பாவியாகிவிடுவான்.

சரி, இச்சம்பவங்களில் உண்மையிலேயே ஆள் மாறி நின்றவர் யார்? இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் சீருடை இல்லாமல் வந்த பொலிஸார். நாம் அதைச் ‘சிவில் உடை’ என்கிறோம். சிவில் உடை என்றால் குடிமகனின் உடை. என்னுடையதும் உங்களுடையதுமான உடை. அரசு தனது துப்பாக்கியை என் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறது. பிறகு என்னைப் பார்த்து, ‘நீ யாரென்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது’ என்கிறது. மாறியது யார்?

1999 பெப்ரவரி 4ஆம் திகதி நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில் அமது தியாலோ தன் வீட்டு வாசலில் நின்றார். கினி நாட்டிலிருந்து வந்த 23 வயது இளைஞர். நடைபாதையில் சில்லறைச் சாமான் விற்றுப் பிழைத்தவர். முஸ்லிம். பாலியல் வல்லுறவுக் குற்றங்களுக்காகத் தேடப்பட்ட ஒருவனின் சாயல் அவரில் தெரிகிறது என்று நினைத்து நான்கு பேர் காரிலிருந்து இறங்கி வந்தார்கள். நால்வரும் சாதாரண உடையில். பொலிஸ் என்று சொன்னோம் என்பது அவர்களது வாக்குமூலம். நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அடையாளம் எதுவும் இல்லாத காரிலிருந்து இறங்கிவரும் நான்கு தடியர்களைக் கண்டால் ஒரு வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்? கொள்ளைக்காரன் என்றுதான் நினைப்பான். அவர் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தது பணப்பை. அதைத் துப்பாக்கி என்று எண்ணி 41 தடவை சுட்டார்கள்; 19 குண்டுகள் பட்டன. அடுத்த வருடம் பெப்ரவரியில், அல்பனி நகருக்கு மாற்றப்பட்ட வழக்கில், நால்வரும் விடுதலையானார்கள். 2004இல் நியூயோர்க் நகரம் அந்தக் குடும்பத்துக்கு 30 இலட்சம் டொலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. தியாலோ அன்று தியாலோவாகத்தான் நின்றார். வேறு யாராகவும் நிற்கவில்லை.

லண்டன் கதையை நம்மில் பலர் அரைகுறையாகவே அறிந்திருக்கிறோம். அதை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் எம்மவர் நிழலும் விழுகிறது. 2005 ஜூலை 7இல் லண்டனில் குண்டுகள் வெடித்தன. ஜூலை 21இல் மீண்டும் நால்வர் முயன்றார்கள், குண்டுகள் வெடிக்கவில்லை. கைவிடப்பட்ட பையொன்றில் ஹுசைன் ஒஸ்மான் என்பவரின் உடற்பயிற்சி நிலைய அட்டை கிடைத்தது. அதைப் பின்தொடர்ந்து தெற்கு லண்டனில் ஒரு தொடர்மாடிக்குக் காவல் போட்டார்கள். அதே கட்டடத்தில் வேறொரு வீட்டில் ஜீன் சார்ள்ஸ் டி மெனேசஸ் குடியிருந்தார். பிரேஸில் நாட்டவர், 27 வயது, மின்சார வேலை செய்பவர். மறுநாள் காலை அவர் வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தபோது, வாசலைக் கவனிக்க வேண்டியவர் சிறுநீர் கழிக்கப் போயிருந்தார். ஆளைச் சரியாகப் பார்த்துப் படமெடுக்க யாருமில்லை. அவனாக இருக்கலாம் என்ற ஊகத்தில் பின்தொடர்ந்தார்கள். அந்த ஊகம் பஸ்ஸில் அவரோடு ஏறியது. பிரிக்ஸ்டன் நிலையம் மூடியிருந்ததால் அவர் இறங்கி மீண்டும் அதே பஸ்ஸில் ஏறியபோது, ‘பின்தொடர்பவரை ஏமாற்றப் பார்க்கிறான்’ என்ற சந்தேகமாக வளர்ந்தது. ஸ்டொக்வெல் நிலையத்தை அடைந்தபோது முடிந்த முடிவாகிவிட்டது.

அவர் கையில் பை எதுவும் இல்லை. மெல்லிய டெனிம் ஜக்கெட் அணிந்திருந்தார். நிலைய வாசலில் இலவசப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். தன் பயண அட்டையைக் காட்டி உள்ளே போனார். ரயில் வருகிற சத்தம் கேட்டு, எல்லாப் பயணிகளையும் போல, கடைசியில் ஓடிப்போய் ஏறினார். ஆசனத்தில் அமர்ந்தவரைச் சிவில் உடையில் வந்தவர்கள் தலையில் ஏழு தடவையும் தோளில் ஒரு தடவையும் சுட்டார்கள். அன்றைய பொலிஸ் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? அவரது உடையும் நடத்தையும் சந்தேகத்தைக் கூட்டின என்றது. தடித்த மேலங்கி போட்டிருந்தார், நுழைவாயில் தடுப்பைப் பாய்ந்து கடந்தார் என்ற கதைகளெல்லாம் முதல் நாளே உலகம் முழுக்கப் பரவின. எல்லாம் பொய்யென்று தெரியவந்தபோது ஜனாஸா பிரேஸில் போய்ச் சேர்ந்துவிட்டது. (அவர் கத்தோலிக்கர். ஆனாலும் எனக்கு இந்த இடத்தில் வேறு சொல் வரவில்லை.)

தேடப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது? ஒரு கிழமைக்குள் நால்வரும் உயிரோடு பிடிபட்டார்கள். ஒஸ்மான் ரோம் நகரில் கைதாகி, பின்னர் லண்டனில் விசாரிக்கப்பட்டு, 2007இல் ஆயுள் தண்டனை பெற்றார். தேடப்பட்டவன் நீதிமன்றத்துக்குப் போனான். தேடப்படாதவன் மண்ணுக்குள் போனான். முஸ்லிமைத் தேடினார்கள், கத்தோலிக்கன் செத்தான், எமக்கென்ன என்று இருப்பவர்கள் 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். முதுகில் பையோடு பஸ்ஸில் ஏறிய எமது பிள்ளைகளைப் பக்கத்து ஆசனத்தவர் எப்படிப் பார்த்தார்? அந்தப் பார்வைக்கு இடுப்பில் ஒரு துப்பாக்கியும் உடம்பில் சிவில் உடையும் இருந்தால் அதுதான் ஸ்டொக்வெல்.

அந்த ரயில் பெட்டிக்குள் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. என் வாதத்துக்கு அதுவே முக்கியம். மெனேசஸைப் பின்தொடர்ந்து முதலில் பெட்டிக்குள் ஏறிய கண்காணிப்பு அதிகாரி ஒருவர் அவரைக் கைகளோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். விசாரணையில் அவரை ‘ஐவர்’ என்ற மறைபெயரால் அழைத்தார்கள். அவரும் சிவில் உடைதான். சுட்டு முடித்ததும் ஆயுதப் பொலிஸார் அந்த ஐவரையும் தரையில் இழுத்துப்போட்டு நெஞ்சில் துப்பாக்கியை நீட்டினார்கள். ‘நான் பொலிஸ்’ என்று அவர் கத்தவேண்டியிருந்தது. பயந்து சுரங்கப்பாதைக்குள் ஓடிய ரயில் சாரதியையும் துப்பாக்கியோடு துரத்திப் பிடித்தார்கள். அதாவது, பட்டப்பகலில், மின்விளக்கு வெளிச்சத்தில், ஒரே நடவடிக்கைக்காக அனுப்பப்பட்ட பொலிஸாருக்கே தமது ஆள் யார் என்று தெரியவில்லை.

இது லண்டனில் ஒருநாள் நேர்ந்த தடுமாற்றம் அல்ல. நியூயோர்க்கில் 2009 மே 28ஆம் திகதி ஓமர் எட்வர்ட்ஸ் என்ற 25 வயதுப் பொலிஸ்காரர் கடமை முடிந்து சாதாரண உடையில் வீடு திரும்பும்போது, தன் காரை உடைத்தவனைக் கைத்துப்பாக்கியோடு துரத்தினார். அவ்வழியே வந்த சிவில் உடைப் பொலிஸார் அவரைக் குற்றவாளி என்று எண்ணிச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கறுப்பினத்தவர். அதன்பின் அந்த மாநில ஆளுநர் நியமித்த குழு, பொலிஸாரைப் பொலிஸாரே தவறாக அடையாளம் கண்டு கொன்ற சம்பவங்களை நாடு முழுவதும் ஆராய்ந்தது. கடமையில் இல்லாத வெள்ளையினப் பொலிஸ்காரர் ஒருவர் இப்படி இறந்தது கடைசியாக 1982இல்தான் என்று 2010இல் வெளிவந்த அதன் அறிக்கை கண்டது. அதற்குப் பின் இறந்தவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள். இதைத் ‘தவறு’ என்று சொல்லும்போது நாக்குக் கூச வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகச் சரிகிற தராசைத் தவறுகிற தராசு என்று எந்தக் கடைக்காரனும் சொல்வதில்லை.

இனி எமது நாட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் திட்டி எழுதுவது எங்களுக்கு எப்போதும் சுகம். கை வலிக்காது.

2023 டிசம்பர் 31ஆம் திகதி அதிகாலையில் வெலிகம, பெலேனப் பகுதியில் ஹோட்டல் ஒன்றின் முன்னால் துப்பாக்கிச் சூடு நடந்தது. தகவல் கிடைத்து வெலிகமப் பொலிஸார் வெளிக்கிட்டார்கள். ஒரு வானைக் கண்டார்கள். இரு தரப்பும் சுட்டுக்கொண்டன. வானில் இருந்தவர் ஒருவர் இறந்தார். பாதாள உலகத்தவன் என்று நினைத்துச் சுடப்பட்ட அவர் கொழும்புக் குற்றத்தடுப்புப் பிரிவின் சார்ஜன்ட். வானில் வந்தவர்கள் சிவில் உடையில் வந்த பொலிஸார். அவர்கள் வருவது வெலிகமப் பொலிஸாருக்குத் தெரியாது. ஹோட்டல் முன்னால் சுட்டவர்களே அந்த வானில் வந்தவர்கள்தான் என்று பின்னர் விசாரணைகள் சென்றன. அக்காலத்தில் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோனையும் மற்றும் சிலரையும் கைதுசெய்யுமாறு 2025 பெப்ரவரியில் மாத்தறை நீதவான் உத்தரவிட்டார். மார்ச் மாதம் அவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். வேறு குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொள்ள, அதே வருடம் ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. வெலிகம வழக்கில் யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, என் வேலையல்ல. நான் கேட்பது ஒன்றே. இரவில் ஒரு வானுக்குள் இருக்கும் துப்பாக்கிக்காரன் பொலிஸா பாதாள உலகத்தவனா என்று, பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற, வயர்லெஸ் வைத்திருக்கிற பொலிஸாருக்கே தெரியவில்லை. அப்படியானால் ஒரு லொறி சாரதிக்கு எப்படித் தெரியும்?

லொறி சாரதி என்று சும்மா சொல்லவில்லை. வெலிகமச் சம்பவம் நடந்து மூன்று கிழமை ஆகவில்லை. 2024 ஜனவரி 18ஆம் திகதி குருநாகல் மாவட்டத்தின் நாரம்மலப் பிரதேசத்தில் 41 வயதுச் சாரதி ஒருவர் கொல்லப்பட்டார். சிவில் உடையில் நின்ற பொலிஸார் அவரது லொறியை நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. துரத்திப்போய் மறித்தார்கள். உப பொலிஸ் பரிசோதகரின் துப்பாக்கி ‘தவறுதலாக இயங்கியது’. இங்கேயும் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் துப்பாக்கி, பயனிலை இயங்கியது. சுட்டவர் வாக்கியத்திலேயே இல்லை. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸ் சூட்டுக்குப் பின் இறந்தபோது முதலில் வந்த சொல் ‘விபத்து’. கைவிலங்கோடு கூட்டிப்போகப்பட்டவர்கள் ‘ஆயுதத்தைக் காட்டச் சென்ற இடத்தில்’ இறந்துபோவார்கள். எனது எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுவாயை விழுங்கிவிட்டு வாக்கியம் எழுதினால் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். எமது பத்திரிகைகளுக்கு வட்டம் போட யாருமில்லை.

நாரம்மலச் செய்தி வந்த மறுநாள் எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் கேட்ட பேச்சு இது: “நிப்பாட்டியிருந்தா சுட்டிருப்பானுகளா?” இதை நல்ல மனிதர்கள்தான் சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். இந்த நாட்டில் சிவில் உடையில் வந்து வாகனத்தை மறித்தவர்கள் யார் யார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ‘வெள்ளை வான்’ என்ற இரண்டு சொற்களுக்கு விளக்கவுரை தேவையில்லாத நாடு இது. அவற்றில் ஏற்றப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் படங்களை ஏந்தி வீதியில் நிற்கிறார்கள். கிழக்கில் வளர்ந்த என் தலைமுறைக்கு, சாரத்தோடும் சேட்டோடும் துப்பாக்கி தூக்கி வருபவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று தெரியாமல் கதவை இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கிய இரவுகள் பாலர் பாடம் போல. அப்படிப்பட்ட நாட்டில், இருட்டு வீதியில், சீருடை இல்லாத இருவர் கைகாட்டினால் நிறுத்தாமல் போவது குற்றமா, புத்தியா? நிறுத்தினால் கொள்ளைக்காரனாக இருக்கலாம். நிறுத்தாவிட்டால் பொலிஸாக இருக்கலாம். இந்தப் புதிரை அவிழ்க்க அந்தச் சாரதிக்குக் கிடைத்த அவகாசம் சில விநாடிகள். புதிரைப் போட்டவர்களுக்கோ துப்பாக்கி, சம்பளம், சட்டத்தரணி எல்லாம் இருந்தன.

எனக்கும் அப்படி ஒரு புதிர் போடப்பட்டது. மேலதிக வகுப்பு முடிந்து இஷாவுக்குப் பின் வயல் பாதையால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். இருவர் டோர்ச் அடித்து மறித்தார்கள். அரைக் காற்சட்டை, டீசேட். அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். பையைக் கொட்டச் சொன்னார்கள். முப்பத்திரண்டு கட்டுரைக் கொப்பிகளையும் பாதையில் கொட்டினேன். “நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டேன். ஒருவர் டீசேட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி இடுப்பைக் காட்டினார். “இது போதுமா மாஸ்டர்?” என்றார். அவர்கள் எந்தப் பிரிவு, உண்மையிலேயே பொலிஸ்தானா என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாத்தியார் என்பதை மூன்று நிமிடத்தில் நிரூபித்தேன். அவர்கள் நிரூபித்தது தங்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம். லண்டனில் சுட்டவர்கள் எவர்மீதும் கொலை வழக்கு இல்லை. 2007இல் மாநகரப் பொலிஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டு 175,000 பவுண் தண்டம் விதித்தார்கள். எந்தச் சட்டத்தின்கீழ்? வேலைத்தலச் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்குமான 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ். தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு மூடி போடாத முதலாளியைப் பிடிக்கிற சட்டம். 2008இல் நடந்த மரண விசாரணையில், சட்டத்துக்கு முரணான கொலை என்று தீர்ப்பளிக்கும் வாய்ப்பை ஜூரிகளுக்கு மரண விசாரணை அதிகாரி கொடுக்கவேயில்லை. சுடுமுன் ‘ஆயுதப் பொலிஸ்’ என்று கத்தினோம் என்ற சாட்சியத்தை அந்த ஜூரிகள் நம்பவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 2016 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 13க்கு 4 என்ற பெரும்பான்மையால் குடும்பத்தின் முறைப்பாட்டை நிராகரித்தது. ஆங்கிலேயச் சட்டத்தின் நிலைப்பாடு, சுட்டவர் நேர்மையாக நம்பினாரா என்று முதலில் பார்ப்பது. நம்பிக்கை பிழையாக இருந்தாலும் நேர்மையாக இருந்தால் தப்பலாம். அன்றைய நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி 2017இல் லண்டன் பொலிஸின் ஆணையாளராகவே உயர்ந்தார்.

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியதுதான். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் அது கொஞ்சம் கறாரானது. நிகழ்வு பற்றிய பிழையான எண்ணத்தில் செய்த செயலை அது மன்னிக்கிறது. ஆனால் அந்த எண்ணம் நன்னம்பிக்கையில் பிறந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் நம்பியதை நன்னம்பிக்கை என்று கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. என் கட்சி இந்த இடத்தில்தான் நிற்கிறது. தான் யாரென்பதை மறைத்துக்கொண்டு, மற்றவன் தன்னை அறிந்துகொள்ளும் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு, அவன் பயந்து ஓடியதையே சந்தேகத்துக்கு ஆதாரமாக்கிச் சுடுகிறவனிடம் என்ன உரிய கவனம் இருக்கிறது? அந்தப் பயத்தை உண்டாக்கியவனே அவன்தான். அடையாளத்தை மறைத்தவனுக்கு, அடையாளம் பிழைத்துவிட்டது என்று வாதாடும் உரிமை கிடையாது. சீருடைப் பொலிஸ்காரனுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். சிவில் உடைக்காரனுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சீருடையோடு போனால் போதைப்பொருள் வியாபாரியைப் பிடிக்க முடியுமா என்று மறுப்பார்கள். பிடிக்க முடியாதுதான். பார்ப்பதற்கும் பின்தொடர்வதற்கும் தகவல் எடுப்பதற்கும் சிவில் உடை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைகாட்டி மறிக்கிற கணத்தில், ஒருவன்மேல் கைவைக்கிற கணத்தில், துப்பாக்கியை உருவுகிற கணத்தில் அவன் பொலிஸ்காரனாகத் தெரிய வேண்டும். ஒரு பிரகாசமான மேலங்கி, வாகனத்தில் ஒரு விளக்கு, பக்கத்தில் சீருடையோடு ஒருவர். இதற்கெல்லாம் கோடிக் கணக்கில் செலவாகாது.

இதை எழுதும்போது எமது சமூகத்தின் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபோது எமது ஊர்களில் அதற்குக் கிடைத்த கரகோஷத்தை நான் அறிவேன். காரணத்தையும் அறிவேன். என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் ஐஸ் பாவித்து எலும்பும் தோலுமாகித் திரிவதை நான் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் பாடசாலை வாசலில் நின்று அழுவதையும் பார்க்கிறேன். ‘சுட்டுத் தள்ளணும் சேர்’ என்று ஒரு வாப்பா சொல்லும்போது அவர் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் நினைப்பது வியாபாரியை. வயல் பாதையில் டோர்ச் வெளிச்சத்தில் மறிக்கப்படப்போவது அவரது மகன். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அந்த நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி 2024 ஜனவரியில் கேட்டபோது, ‘வெள்ளைக்காரனுக்கு எங்கட கஷ்டம் எங்க தெரியும்’ என்று எம்மவர்களே எழுதினார்கள்.

எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்தாதுக்கும் காஸாவுக்கும் கவிதை எழுதுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் நாரம்மலச் சாரதியைப் பற்றி எமது சிற்றிதழ்களில் ஒரு நாலு வரியை நான் தேடித் தேடியும் காணவில்லை. அவர் எம்மவர் இல்லை என்பதா காரணம்? அவர் மொழி வேறு என்பதா? தியாலோ எம்மவர் என்று உரிமை கொண்டாடுகிற நாங்கள் எழுபது, எண்பது மைல் தூரத்தில் இறந்தவரை யாரோ என்று விட்டுவிட்டோம். வெலிகமவில் இறந்த சார்ஜன்டும் ஒரு தாயின் பிள்ளைதான். மேலதிகாரி அனுப்பிய இடத்துக்கு, மேலதிகாரி சொன்ன உடையில் போய், தன் சக பொலிஸ்காரனின் குண்டில் இறந்தவர். அவருக்காகவும் நாம் எழுதவில்லை.

கடைசியாக, பத்திராதிபருக்கு ஒரு வேண்டுகோள். கைதுசெய்கிற ஒவ்வொரு பொலிஸ்காரரும் படையினரும் தமது பெயரையும் பதவியையும் சொல்லித் தம்மை அடையாளப்படுத்த வேண்டும் என்று இந்த நாட்டின் ஜனாதிபதி 2006 ஜூலையில் பணிப்புரை விடுத்தார். 2007இல் அது மீண்டும் வெளியிடப்பட்டது. யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே அப்படி ஒரு தாள் எழுதப்பட்டது. எங்கள் ஊரில் அதை அறிந்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அடுத்த இதழில் அதற்காக அரைப் பக்கம் ஒதுக்குங்கள். நல்ல தமிழில், எழுவாயோடும் பயனிலையோடும், பெரிய எழுத்தில் போடுங்கள். கவிதை ஒன்று குறைந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். நான் ஐம்பது பிரதிகள் எடுத்துப் பள்ளிவாசல் பலகையிலும் பாடசாலைச் சுவரிலும் அந்தத் தேத்தண்ணிக் கடையிலும் ஒட்டுகிறேன். ஒரு பிரதி என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கட்டும்.